முதலில் செலவு செய், பிறகு மான்யம்!

அமெரிக்காவின் பெரிய நகரங்களில் சில ஆண்டுகளாக ஒரு கோஷம் உரக்க ஒலிக்கிறது. “பேட்டைகளின் கடைத்தெருக்களைப் பலப்படுத்துவோம், அதையும் நியாயமாகப் பங்கிட்டுச் செய்வோம்” என்பதே அந்தக் கோஷம். நகரசபை மான்யம் தரும். சிறு கடைக்காரர் தம் கடையைச் செப்பனிட்டு விரிவாக்கிக் கொள்வார். இதுவரை புறக்கணிக்கப்பட்ட பேட்டைகளுக்கே முதலிடம் என்று மேயர்கள் மாறி மாறி அறிவிக்கிறார்கள்.

கோஷத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரு பேட்டையின் கடைத்தெரு வெறும் வியாபார ஸ்தலமல்ல. பாலும் மருந்தும் அங்கேதான் கிடைக்கின்றன. பள்ளிப் படிப்பு முடித்த பையனுக்கு முதல் வேலை அங்கேதான் கிடைக்கிறது. மாதக் கடைசியில் கணக்கில் எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பவரும் அங்கேதான் இருக்கிறார். அந்தத் தெரு மூடினால், உருளைக்கிழங்கு வாங்கக்கூட பஸ் ஏற வேண்டிய கதி ஏழைக்கு ஏற்படுகிறது. ஆகவே கடைத்தெருவுக்குப் பொதுப்பணம் கொடுப்பது சரிதானா என்பதல்ல நமது கேள்வி. அந்தப் பணம் யார் கைக்கு, எப்பொழுது, எந்த நிபந்தனையில் போய்ச் சேருகிறது என்பதே கேள்வி. மேயர் பேசும் மேடைக்கு முன்னால் நின்றால் இது விளங்காது. ரசீதுகளைச் சரிபார்க்கும் குமாஸ்தாவின் மேஜைக்குப் போக வேண்டும்.

சிக்காகோவை எடுத்துக்கொள்வோம். மே தினத்தின் மூலம் நமது வாசகர்களுக்குப் பழக்கமான நகரம் அது.

அந்நகரின் தெற்குப் பகுதியில் எங்கிள்வுட் என்று ஒரு பேட்டை இருக்கிறது. அங்கே 63-வது தெருவும் ஹால்ஸ்டெட் தெருவும் சந்திக்கும் முனை, ஒரு காலத்தில் நகர மையத்துக்கு அடுத்தபடியான கடைவீதியாக விளங்கியது. பெரிய பெரிய ஜவுளிக் கடைகளும் சினிமாக் கொட்டகைகளும் நிறைந்திருந்தன. 1960-ல் எங்கிள்வுட்டின் ஜனத்தொகை ஏறத்தாழ 97,000. 2020-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 25,000-க்கும் குறைந்துவிட்டது. நான்கு பேர் இருந்த இடத்தில் ஒருவர்! மீதி மூன்று பேர் வாங்கிய பண்டம் எங்கே, அவர்களுக்கு விற்ற கடை எங்கே?

கடைக்காரர்களுக்கு வியாபாரம் தெரியாமல் போனதால் இந்தத் தெரு சாகவில்லை. 1930-களில் அமெரிக்க சர்க்காரின் வீட்டுக்கடன் ஸ்தாபனம் நகரங்களுக்கு வர்ணப் படம் தயாரித்தது. கறுப்பின மக்கள் குடியிருக்கும் பகுதிகளுக்குச் சிவப்பு வர்ணம் தீட்டி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று முத்திரை குத்தியது. சிவப்பு விழுந்த இடத்தில் பாங்குகள் கையை மூடிக்கொண்டன. பிற்பாடு ஆலைகளும் மூடத் தொடங்கின. 1980-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் விஸ்கான்ஸின் ஸ்டீல் ஆலை திடீரெனக் கதவடைத்து, 3,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைத் தெருவில் நிறுத்தியது. அவர்கள் கையில் இருந்த கடைசிச் சம்பளச் செக்குகள்கூடப் பாங்கிலிருந்து திரும்பி வந்தன. 1992-ல் சவுத் வர்க்ஸ் என்ற மாபெரும் உருக்காலையும் மூடியது. சம்பளம் நின்ற இடத்தில் கடை மட்டும் எப்படி நிற்கும்?

நகரசபையும் சும்மா இருந்துவிடவில்லை. 1960-களின் இறுதியில் அதே 63-வது தெரு முனையில் கார்களை நிறுத்தித் தடுத்து, நடந்து செல்வோருக்கான சோலைக் கடைவீதி என்று ஒன்றை அமைத்தது. கார் நிறுத்த இடம் வேண்டுமென்று சுற்றிலும் இருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. வாடிக்கைக்காரன் வீட்டை இடித்து, அவன் வருவதற்குப் பாதை போட்ட விசித்திரம் இது! கடைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

இந்தப் பின்னணியில்தான் 2016-ம் ஆண்டு மேயர் ராம் இமானுவேல் பேட்டைகளுக்கான வாய்ப்பு நிதி என்ற ஒன்றைத் தொடங்கினார். ஏற்பாடு பார்வைக்கு அழகானது. நகர மையத்தில், அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் மாடி கட்ட விரும்பும் கம்பெனி அதற்கு ஒரு தொகை கட்ட வேண்டும். அந்தத் தொகையில் 80 சதவீதம் தெற்கு, தென்மேற்கு, மேற்குப் பகுதிகளின் கடைத்தெருக்களுக்குப் போகும். வானளாவும் மாளிகையின் காசு வறிய பேட்டைக்கு! சிறு மான்யம் 2,50,000 டாலர் வரை. அதற்கு மேல் கேட்டால் நகரசபையின் ஒப்புதல் வேண்டும். கட்டிடச் செலவில் அதிகபட்சம் 75 சதவீதம் வரை மான்யம் உண்டு.

இந்த நிதியால் யாருக்குமே பலனில்லை என்று நாம் சொல்லவில்லை. பூட்டிக் கிடந்த கட்டிடங்களில் சிற்றுண்டிக் கடைகளும் ரொட்டிக் கடைகளும் முடிதிருத்தும் நிலையங்களும் வந்திருக்கின்றன. அந்த மான்யம் இல்லாவிட்டால் அவற்றில் பல வந்திருக்காது. வந்தவரை நல்லதே.

ஆனால் விதியைப் பாருங்கள். ‘மான்யம்’ என்றால் நம்மவர்கள் கையில் கொடுப்பது என்றுதான் பொருள் கொள்வார்கள். சிக்காகோவில் பொருள் வேறு. கடைக்காரர் முதலில் தம் பணத்தைப் போட்டு வேலையை முடிக்க வேண்டும். கொத்தனாருக்கும் மின்சாரத் தொழிலாளிக்கும் அவர் பணம் கொடுக்க வேண்டும். ரசீதுகளைச் சேர்த்து நகர இலாகாவிடம் நீட்ட வேண்டும். அதன் பிறகுதான், செலவானதில் நகரத்தின் பங்கு திரும்பி வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிகை அலங்காரக் கடைக்காரி தம் கடையின் கூரையையும் குழாய்களையும் மாற்ற 1,00,000 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மான்யம் 75,000. ‘நீ போடவேண்டியது 25,000 மட்டும்தான்’ என்கிறது அறிவிப்பு. நிஜத்தில் முதல் நாள் அவருக்கு வேண்டியது 25,000 அல்ல, முழு 1,00,000. கொத்தனார் நகரசபையின் கடிதத்தை வாங்கிக்கொண்டு சிமெண்டு கலக்க மாட்டார். கையிலே காசு, வாயிலே தோசை! அந்த 75,000-ஐ 10 சதவீத வட்டிக்கு வாங்கி, ஓராண்டு கழித்து மான்யம் வந்தால், வட்டியே 7,500 டாலர். வேலை நடக்கும்போது கடை மூடிக் கிடக்கும் மாதங்களின் வருமான இழப்பு வேறு. இந்த வட்டிக்கும் இழப்புக்கும் மான்யத்தில் இடமில்லை. சரக்கு வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் இடமில்லை. முழுத் தொகையையும் முடிவில் தராமல் கட்டம் கட்டமாகக் கொடுத்தாலும், ஒவ்வொரு கட்டத்தின் செலவையும் முதலில் சுமப்பவர் அவர்தான்.

சரி, கடன் வாங்கட்டுமே என்கிறார்கள். யாரிடம்? சிவப்பு வர்ணம் தீட்டிய படங்கள் பழங்கதையாகிவிட்டன என்று சொல்பவர்கள், சிக்காகோ வானொலி நிலையமான டபிள்யூ.பி.இ.ஸட். மற்றொரு பத்திரிகை ஸ்தாபனத்துடன் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட கணக்கைப் பார்க்கட்டும். 2012 முதல் 2018 வரை வீடு வாங்கக் கொடுத்த கடன்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். வெள்ளையர் பெரும்பான்மையாக வசிக்கும் பேட்டைகளில் பாங்குகள் 1 டாலர் கடன் கொடுத்தால், கறுப்பின மக்களின் பேட்டைகளில் 12 சென்டுதான் கொடுத்திருக்கின்றன. வீட்டுக்கே இந்தக் கதி. அடமானம் வைக்கச் சொந்தக் கட்டிடமும் இல்லாத கடைக்காரருக்கு?

இந்தப் பேட்டைகளுக்கென்றே ஒரு பாங்கு இருந்தது. 1973-ல் தெற்குக் கரைப் பகுதியில் தொடங்கிய ஷோர் பாங்கு, மற்ற பாங்குகள் எட்டிப் பார்க்காத தெருக்களில் கடன் கொடுத்து வந்தது. 2008-ல் நெருக்கடி வெடித்தபோது, நெருக்கடியை உண்டாக்கிய ராட்சத பாங்குகளுக்கு வாஷிங்டன் சர்க்கார் கோடி கோடியாக அள்ளிக் கொடுத்தது. ஷோர் பாங்குக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. 2010 ஆகஸ்டில் அது மூடப்பட்டது. இன்று “கடன் வாங்கி வேலையை முடி” என்று கடைக்காரருக்கு உபதேசம் செய்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

ஆக, ஏற்கெனவே பணம் உள்ளவருக்கே இந்த மான்யம் எளிதில் எட்டுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டோர் பட்டியலில் பெயர் வந்தும் வேலை தொடங்க முடியாமல் பலர் திணறியது இதனால்தான். பட்டியல் நியாயமானது, சந்தேகமில்லை. பட்டியலிலிருந்து பணத்துக்குப் போகும் பாதையில்தான் பழைய ஏற்றத்தாழ்வு மீண்டும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

‘பொதுப்பணம் அல்லவா? ரசீது பார்க்காமல் எப்படிக் கொடுப்பது?’ என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதே நகரம் பெருமுதலாளிகளிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்வோம்.

2019-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். இமானுவேலின் பதவிக்காலம் முடிய சில வாரங்களே பாக்கி. வடக்குப் பகுதியில், நகரின் செல்வச் சீமான்கள் வாழும் லிங்கன் பார்க்கை ஒட்டி, பழைய உருக்காலை இருந்த நிலத்தில் லிங்கன் யார்ட்ஸ் என்ற பெயரில் மாளிகைகள் எழுப்ப ஒரு கம்பெனி திட்டமிட்டது. நகரசபை அதற்கு 130 கோடி டாலர் வரை அனுமதித்தது. அதே நாளில், நகர மையத்துக்குத் தெற்கே ‘செவன்டி எய்ட்’ என்ற மற்றொரு திட்டத்துக்கு 110 கோடி வரை அனுமதித்தது. இரண்டும் சேர்ந்து 240 கோடி!

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? இல்லினாய் மாகாணத்தில் 1977 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு வட்டாரம் சீரழிந்தது என்று நகரசபை அறிவித்தால், அங்கே சொத்துவரி வருமானம் அன்றைய அளவில் நிறுத்தப்படுகிறது. அதற்கு மேல் பெருகும் வரியெல்லாம் 23 ஆண்டுகளுக்குத் தனி நிதியில் சேரும். பள்ளிக்கூடங்களுக்கும் பூங்காக்களுக்கும் நூல்நிலையங்களுக்கும் அந்தப் பெருக்கத்தில் பங்கில்லை. சீரழிந்த பேட்டைகளுக்காக வந்த சட்டம் லிங்கன் பார்க்கின் பக்கத்து நிலத்துக்குப் பொருந்துகிறதாம்! நிலத்தின் மதிப்பு அதிகம் உயராத பேட்டையில் பெருகும் வரியும் குறைவு, நிதியும் குறைவு. உயரும் இடத்தில்தான் பணம் குவியும். வறுமைக்கு மருந்து என்று சொல்லி, செல்வம் உள்ள இடத்தில் மட்டும் விளையும் மருந்தை வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். லிங்கன் யார்ட்ஸ் கம்பெனிக்கும் பணத்தை முன்கூட்டி அள்ளிக் கொடுத்துவிடவில்லை. சாலையும் பாலமும் முதலில் நீ போடு, வரி பெருகியபின் திருப்பித் தருகிறோம் என்பதே அங்கும் ஏற்பாடு. அப்படியானால் சிகை அலங்காரக் கடைக்கும் ராட்சதக் கம்பெனிக்கும் ஒரே விதிதானே?

இல்லை. அந்த 130 கோடியைப் பிரித்துப் பாருங்கள். சாலை, பாலம் முதலியவற்றின் செலவு சுமார் 90 கோடி. மீதி ஏறத்தாழ 40 கோடி வட்டிக்கும் கடன் செலவுக்கும். மற்றத் திட்டத்திலும் செலவு 70 கோடி, வட்டி முதலியன சேர்ந்து 110 கோடி. அதாவது, காத்திருக்கும் காலத்துக்குக் கோடீசுவரனுக்கு வட்டி உண்டு. காத்திருக்கும் கடைக்காரிக்கு ஒரு சென்டு வட்டி கிடையாது! காலம் காசு என்பது கோடீசுவரன் விஷயத்தில் மட்டும் நகரசபைக்கு ஞாபகம் வருகிறது.

லிங்கன் யார்ட்ஸ் நிலம் பல ஆண்டுகளுக்குப் பின்னும் பெரும்பாலும் வெற்றிடமாகவே கிடந்தது. 2025-ல் அதன் வடபாதி கடன் கொடுத்த பாங்கின் கைக்குப் போயிற்று.

பெரிய கடைகளை அழைத்து வந்தாலே பேட்டை பிழைத்துவிடும் என்று வாதிப்பவர்களும் உண்டு. அதே 63-வது தெரு முனைக்கே திரும்புவோம். 2016 செப்டம்பரில் ஹோல் ஃபுட்ஸ் என்ற பெரிய உணவுப்பொருள் கம்பெனி அங்கே கடை திறந்தது. கடை அமைந்த வளாகத்துக்கு நகரம் 1 கோடி டாலருக்கு மேல் பொதுப்பணம் கொடுத்தது. மேயரும் அதிபர்களும் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே அந்தக் கம்பெனியை அமேஸான் விலைக்கு வாங்கிற்று. 2022 நவம்பரில் கடை மூடப்பட்டது. ஆறே ஆண்டுகள்! 2023 ஏப்ரலில் வால்மார்ட் கம்பெனி, நஷ்டம் என்று காரணம் சொல்லி, சிக்காகோவில் இருந்த தன் எட்டுக் கடைகளில் நான்கை ஒரே வாரத்துக்குள் மூடியது. அவற்றில் மூன்று தெற்கிலும் மேற்கிலும் இருந்தவை. தூரத்துத் தலைமையகத்தில் ஒரு பேனா முனை அசைந்தால் இங்கே ஒரு பேட்டையின் மருந்துக்கடையும் மளிகைக்கடையும் சேர்ந்து மறைகின்றன. உள்ளூர்க் கடைக்காரரும் மூடலாம்தான். ஆனால் அவர் வேறு ஊருக்கு லாபம் தேடிப் போவதற்காக மூடுவதில்லை.

வாடகை விஷயத்தை இன்னும் நாம் தொடவில்லை. மான்யம் பெரும்பாலும் சுவருக்கும் கூரைக்கும் போகிறது. சுவர் யாருடையது? கடைக்காரர் வாடகைக்கு இருந்தால், பொதுப்பணத்தாலும் அவர் கடனாலும் மதிப்பு உயர்வது வீட்டுக்காரரின் சொத்து. ஒப்பந்தம் முடிந்ததும் ‘தெரு இப்பொழுது நன்றாகிவிட்டது, வாடகையைக் கூட்டிக் கொடு’ என்று அவர் கேட்கலாம். தடுக்க நகரசபைக்கு அதிகாரமில்லை. 1997-ல் இல்லினாய் மாகாணம் இயற்றிய சட்டம், வீட்டு வாடகைக்கு மட்டுமல்ல, கடை வாடகைக்கும் உச்சவரம்பு விதிக்கக்கூடாது என்று நகரங்களின் கையைக் கட்டிவிட்டது. தெருவைப் பலப்படுத்துவதாகத் தொடங்கி, தெருவைப் பலப்படுத்தியவரை வெளியேற்றுவதில் முடிய இந்தச் சட்டம் வழி திறந்து வைத்திருக்கிறது.

நிதியின் ஊற்றே இன்னொரு கோளாறு. மையத்தில் மாடி எழும்பினால்தான் பேட்டைக்குப் பணம். கொள்ளைநோய்க் காலத்துக்குப் பின் மையத்து ஆபீஸ் கட்டிடங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் காலியாகக் கிடக்கும் நிலை ஏற்பட்டது. புதிய மாடிகள் எழும்பவில்லை, ஊற்றும் வற்றியது. பெரியவர் வீட்டில் கல்யாணம் நடந்தால்தான் தெருவிலுள்ளவர்களுக்குச் சாப்பாடு என்பது போன்ற ஏற்பாடு இது.

அடுத்த மேயர் லோரி லைட்ஃபுட் 2019 அக்டோபரில் தெற்கு, மேற்குப் பகுதிகளின் 10 பேட்டைகளுக்கு மூன்றாண்டில் 75 கோடி டாலர் என்று அறிவித்தார். அவருக்குப் பின் வந்த பிராண்டன் ஜான்ஸன், தாம் ஆசிரியர் சங்கத்தில் பணியாற்றியவர். 2024 ஏப்ரலில் அவர் ஆட்சியில் நகரசபை 125 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட ஒப்புதல் கொடுத்தது. பாதி வீட்டு வசதிக்கு, பாதி தொழில் வியாபார வளர்ச்சிக்கு. முன்னே சொன்ன தனி நிதி வட்டாரங்களில் பலவற்றைக் காலம் முடிந்ததும் முடியவிட்டு, பொது வரிக்குத் திரும்பும் பணத்தில் கடனை அடைப்பது என்பது ஏற்பாடு. மாளிகை மாடிகளை நம்பியிருப்பதைவிட இது மேல் என்பதில் நமக்கு ஐயமில்லை. பணக்காரப் பகுதியில் சிக்கிக் கிடந்த வரி நகரம் முழுமைக்கும் வருகிறது அல்லவா?

ஆனாலும் அந்த மேஜைக்கே மறுபடி போக வேண்டியிருக்கிறது. இந்தப் புதிய பணத்தையும் ரசீது வந்தபின் தரும் பழைய முறையில்தான் கொடுப்பதென்றால், 12 சென்டு கடன் கிடைக்கும் பேட்டைக்காரர் மீண்டும் வரிசையின் கடைசியில்தான் நிற்பார். அதிகாரிகளின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பொதுப்பணம் வீணாகக்கூடாது என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. மான்யத் தொகையை வேலை தொடங்குமுன் மூன்றாம் நபரிடம் வைப்பாகக் கட்டுங்கள். கூரை முடிந்ததா, அதைப் பார்த்து கூரை போட்டவருக்கு அந்த வைப்பிலிருந்தே நேராகக் கொடுங்கள். கடைக்காரர் கையில் ஒரு டாலரும் போக வேண்டாம். அவர் ஒரு டாலர் கடனும் வாங்க வேண்டாம். அதற்கும் மனமில்லை என்றால், லிங்கன் யார்ட்ஸ் கம்பெனிக்கு ஒப்புக்கொண்டது போலக் காத்திருக்கும் காலத்துக்கு வட்டியாவது கொடுங்கள். மான்யம் பெற்ற கட்டிடத்தின் சொந்தக்காரர், இத்தனை ஆண்டுக்கு இந்த வாடகைக்கு மேல் கேட்கமாட்டேன் என்று தாமே எழுதிக் கொடுத்தபின் பணத்தைக் கொடுங்கள். மாகாணச் சட்டம் நகரசபையின் கையைக் கட்டியிருக்கலாம். ஒருவர் தாமாக எழுதிக் கொடுப்பதை வாங்கிக்கொள்ள அந்தக் கை போதும்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பட்டியலை நகர ஆட்சி ஒவ்வொரு சுற்றிலும் படத்தோடு வெளியிடுகிறது. அதே பட்டியலில் இன்னும் இரண்டு பத்திகள் சேர்க்கட்டும்: பணம் கையில் வந்த தேதி எது, அதுவரை கடைக்காரர் கட்டிய வட்டி எவ்வளவு?